வரைபடத்தின் விளிம்பில் ஒரு புகைபோக்கி

நகரம் கட்டி ஆளும் சிம்சிட்டி என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களிடையே வெகுகாலமாகக் கைமாறி வந்த தந்திரம் ஒன்று உண்டு. ஆலைகளை நகரின் நடுவில் கட்டாதே, வரைபடத்தின் ஓரத்தை ஒட்டிக் கட்டு என்பதுதான் அது. ஆலையிலிருந்து கிளம்பும் மாசு நாலாபக்கமும் படரும். ஓரத்தில் கட்டினால் அதில் ஒரு பெரும் பங்கு வரைபடத்தைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போனதைக் கணினி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அந்த ஓரத்துக்கு அப்பால் ஊர் இல்லை, வயல் இல்லை, இருமுகிற குழந்தை இல்லை, மனு எழுதுகிற பெரியவர் இல்லை. கணினி விளையாட்டுத் தொழிலுக்குள் தொழிற்சாலை மாசு நுழைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த வரலாற்றைப் பொதுவாகக் கணினியின் வேகம் கூடிய கதையாகவே சொல்வார்கள்: முன்பு கட்டங்களும் நிறங்களும் இருந்தன, இன்று காற்றும் கடலும் மரமும் மானும் இருக்கின்றன என்று. எனக்கு அது பாதிக் கதையாகத் தோன்றுகிறது. ஓரிடத்தில் மாசு பிறக்கிறது, பக்கத்துக்குப் பரவுகிறது, மரமோ மண்ணோ கொஞ்சம் உறிஞ்சுகிறது, மிச்சம் சேதம் செய்கிறது. இந்த நாலு வரிக் கணக்கு, சிம்சிட்டி வந்த 1989இல் இருந்ததைவிட இன்று நுணுக்கமாகியிருக்கிறது, ஆனால் அடிப்படையில் அதே கணக்குத்தான். உண்மையில் மாறியிருப்பது, வரைபடத்தின் ஓரத்துக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பது. புகையால் லாபம் பெறுகிறவரும் புகையைச் சுவாசிக்கிறவரும் வேறு வேறு ஆட்களாக ஆனபோதுதான், இந்தத் தொழில் மாசு என்பதைச் சரியாகச் சித்திரிக்கக் கற்றுக்கொண்டது. அதற்குப் பலர் கூடி ஆடும் ஆட்டம் தேவைப்பட்டது.

தொடக்கம் விளையாட்டில் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர், ஆலைகளின் சரக்கிருப்பு ஏன் ஏறி இறங்குகிறது என்று ஆராயத் தொடங்கி, எதையும் தேக்கமாகவும் ஓட்டமாகவும் பிரித்துக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு முறையை வகுத்தார். 1969இல் அதே முறையை நகரத்துக்குப் பொருத்தினார், 1971இல் உலகம் முழுமைக்கும் பொருத்தினார். அவரது வழியில் வந்த டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ் உள்ளிட்ட நால்வர், ரோம் கழகத்துக்காக 1972இல் வெளியிட்ட ‘வளர்ச்சியின் எல்லைகள்’ உலகப் புகழ் பெற்றது. மக்கள்தொகை, தொழில் உற்பத்தி, உணவு, தீர்ந்துபோகும் வளங்கள், மாசு ஆகிய ஐந்தும் அதன் வரைபடங்களில் ஐந்து கோடுகள். உலகம் முழுவதற்கும் மாசு ஒரே கோடு. யாருடைய ஆலை, யாருடைய நுரையீரல் என்று அந்தக் கோட்டிடம் கேட்க முடியாது. மொத்தத்தைப் பார்ப்பதற்காகவே வரையப்பட்ட கோடு அது, ஆகவே அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விளையாட்டுகளுக்கு அந்த மரபிலிருந்து வந்து சேர்ந்த பார்வையும் அதுவேதான்: மேலிருந்து, எல்லாவற்றையும் ஒருசேர, ஒரே கண்ணால்.

வில் ரைட் 1984இல் செய்த முதல் விளையாட்டு, ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளிலுள்ள ஆலைகள்மீது குண்டு போடும் விளையாட்டு. குண்டு போடுவதைவிடத் தீவுகளை வரைவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. அந்த ஆசை ஃபாரஸ்டரின் நகர நூலைப் படித்ததோடு சேர்ந்து 1989இல் சிம்சிட்டி ஆனது. அதன் மூலநிரல் 2008இல் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டது. நகரம் 120க்கு 100 கட்டங்கள் கொண்டது, மாசின் கணக்கு அதில் பாதி நுணுக்கத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாசு எண் தரப்படுகிறது. ஆலைக் கட்டத்தைவிட நெரிசலான சாலைக்கு எண் அதிகம், மின்நிலையத்துக்கு அதைவிட அதிகம். பிறகு பக்கத்துக் கட்டங்களோடு கூட்டிச் சராசரி போட்டு அந்த எண்ணைப் பரப்புகிறார்கள். மாசு மிகுந்த இடத்தில் நிலத்தின் மதிப்பு விழும், ஓர் அளவைத் தாண்டினால் அங்கே புதிதாக வீடு முளைக்காது. ஆலைகள் மாசைப் பொருட்படுத்துவதில்லை, தம் புகையிலேயே சுகமாக இருக்கும். 1989க்கு இது பெரிய காரியம். அதுவரை பெரும்பாலான விளையாட்டுகளில் ஆலை என்றால் பிடிக்கவோ தகர்க்கவோ வேண்டிய இலக்கு. ஓர் ஆலை தன் சுற்றுப்புறத்துக்கு என்ன செய்கிறது என்பதை ஆடுகிறவர் வரைபடத்தில் நிறம் பூசிப் பார்க்க முடிந்தது இங்கிருந்துதான். ஆனாலும் அந்தப் புகையைச் சுவாசித்த குடிமகனுக்குக் குரல் இல்லை. அவன் வீட்டைக் காலி செய்வான், வரி வசூல் குறையும், மேயராக இருந்து ஆடுகிறவர் அதைக் கவனிப்பார். ஆலையும் மேயருடையது, வீடும் மேயருடையது, நிலமதிப்பும் மேயருடையது. தன் வலக்கை இடக்கைக்குச் செய்யும் தீங்கை மாசு என்று யாரும் சொல்வதில்லை, அதற்குப் பெயர் நிர்வாகச் செலவு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தனித்தீவில் ஒருவன் தன் கிணற்றைத் தானே கெடுத்துக்கொண்டாலும் தண்ணீர் கெட்டது கெட்டதுதானே, மாசுக்கு இரண்டு ஆள் எதற்கு? வேதியியலுக்கு இரண்டு ஆள் வேண்டாம், உண்மைதான். ஆனால் வரலாற்றில் மாசு ஒரு பிரச்சினையாகத் தொடர்ந்து நிலைத்த இடங்களைப் பார்த்தால், தன் கிணற்றைத் தானே கெடுத்துக்கொண்டவன் கதை எங்கும் நீடிப்பதில்லை. அவன் ஒருமுறை வயிற்றுப்போக்கு கண்டதும் நிறுத்திவிடுகிறான். பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகள் நீடிப்பதெல்லாம் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பிரிந்து கிடக்கும் இடங்களில்தான். நீடிக்கவைக்கும் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு வேதியியலை மட்டும் சித்திரிக்கிற விளையாட்டு, காய்ச்சலைக் காட்டாமல் வெப்பமானியைக் காட்டுகிறது.

தொண்ணூறுகளின் ஆட்டங்கள் இதைச் சுற்றிச் சுற்றி வந்தன. கிறிஸ் கிராஃபர்ட் 1990இல் செய்த ‘பேலன்ஸ் ஆஃப் தி பிளானெட்’ ஆட்டத்தில் ஆடுகிறவர் எதையும் கட்டுவதில்லை, உலகத்துக்கு வரியும் மானியமும் விதிக்கிறார். அதில் ஒரு நேர்மை இருந்தது. சமன்பாடுகளுக்குள் தான் வைத்த ஊகங்களை ஆடுகிறவரே மாற்றிப் பார்க்கலாம் என்று கிராஃபர்ட் திறந்துவிட்டிருந்தார். இத்தகைய விளையாட்டுகள் தம் அரசியலைக் கணக்கின் உள்ளே ஒளித்துவைக்கின்றன என்று பால் ஸ்டார் 1994இல் எழுதிய விமர்சனத்துக்கு அது முன்கூட்டியே சொன்ன பதில் போல இருக்கிறது. சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ 1991இல் வந்தது. அதில் ஆலை பெருத்த நகரங்களைச் சுற்றி மாசுக் கட்டங்கள் தோன்றும், குடியேறிகளை அனுப்பித் துடைக்க வேண்டும், துடைக்காமல் சேர்ந்தால் உலகம் சூடாகி நல்ல நிலம் பாலையாகவும் சதுப்பாகவும் மாறும். ஒருவன் விட்ட புகைக்கு இன்னொருவன் நிலம் போகும் என்பது இந்த ஆட்டத்தில் நடந்தது. ஆனால் எதிரி நாட்டுத் தலைவரிடம் போர் பேசலாம், சமாதானம் பேசலாம், புகை பேச வழியில்லை. 1999இல் வந்த ‘ஆல்ஃபா சென்டாரி’ ஒரு படி முன்னே போய், கோள் மன்றம் என்று ஒன்றை வைத்தது. துருவப் பனியை உருக்கலாமா, வெயிலை மறைக்கத் திரை ஏவலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடக்கும். வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் கணினியே ஓட்டும் தலைவர்கள் என்பது வேறு விஷயம். மன்றம் என்ற எண்ணம் முளைத்துவிட்டது, உட்கார ஆள்தான் இல்லை.

ஆள் உட்கார்ந்த ஆட்டங்கள் வேறொரு அறையில் நடந்துகொண்டிருந்தன, அங்கே திரையைவிட மேசைதான் முக்கியம். காரெட் ஹார்டின் 1968இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை மந்தைவெளியின் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்கு இன்னொரு மாட்டை விட்டுக்கொண்டே போனால் புல் அழிந்துவிடும் என்பது அதன் சாரம். மாசும் இதே கதைதான், திசைதான் மாறுகிறது என்று அதே கட்டுரையில் ஹார்டின் சொன்னார்: மந்தைவெளியிலிருந்து எடுப்பதற்குப் பதில் மந்தைவெளியில் கொட்டுவது. ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலின் ஆசிரியர்களில் ஒருவரான டென்னிஸ் மெடோஸ் 1980களில் உருவாக்கிய மீன்பிடி ஆட்டத்தில், குழுக்கள் படகு வாங்கி ஒரே கடலில் வலை வீசுகின்றன. பெரும்பாலான வகுப்பறைகளில் கடல் காலியாகிறது. எலினோர் ஆஸ்ட்ரம் இதை வேறுவிதமாகப் பார்த்தார். மந்தைவெளிகள் பல நூற்றாண்டுகள் அழியாமல் இருந்த ஊர்களும் உண்டே, அங்கே என்ன நடந்தது என்று கேட்டு, 1990இல் வெளியிட்ட நூலில் சுவிட்சர்லாந்தின் மலைப் புல்வெளிகளையும் ஸ்பெயினின் பாசனக் கால்வாய்களையும் காட்டினார். ஊரார் தாமே விதி வகுத்து, தாமே காவல் நின்று, தப்பு செய்தவனுக்கு முதலில் சிறு தண்டனை, பிறகு பெரிது என்று படிப்படியாக விதித்து வந்த இடங்கள் அவை. 1992இல் ஜேம்ஸ் வாக்கர், ராய் கார்ட்னர் இருவரோடு அவர் வெளியிட்ட சோதனை முடிவுகள் இன்னும் வெளிப்படையானவை. ஆட்களை ஒருவரோடு ஒருவர் பேசவிட்டாலே பொது வளம் காப்பாற்றப்படுவது பெருமளவு கூடியது. 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. மந்தைவெளியை அழிப்பது பேராசைதான் என்றால் ஒற்றை ஆள் ஆட்டமே போதும். அங்கே குறைவது பேச்சும் விதியும் என்றால், விளையாட்டுக்குள் பேசக்கூடிய ஆட்கள் இருந்தாக வேண்டும்.

2013 மார்ச்சில் வந்த புதிய சிம்சிட்டி அந்த ஆட்களைக் கொண்டுவரப் பார்த்தது. ஒரே வட்டாரத்தில் பல நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், எல்லாரும் இணையத்தில். காற்று அடிக்கும் திசையில் ஒரு நகரத்தின் புகை அடுத்த நகரத்துக்குப் போகும். வரைபடத்தின் ஓரத்துக்கு அப்பால் கடைசியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெளியான வாரத்தில் சர்வர்கள் திணறி ஆட்டக்காரர்கள் உள்ளேயே நுழைய முடியாமல் போனதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. புகை வந்து சேர்ந்த மேயருக்கு அதை நிறுத்தும் வழி எதுவும் தரப்படவில்லை. வட்டாரத்துக்கென்று மன்றம் இல்லை, வரி இல்லை, தடை இல்லை. அடுத்தவருக்குச் செய்தி அனுப்பலாம், அவர் படிக்காமலும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கிடைத்தார், பஞ்சாயத்து கிடைக்கவில்லை. பலர் கூடினாலே மாசு சரியாகச் சித்திரிக்கப்பட்டுவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடுவது தேவை, அது போதாது.

‘ஃபாக்டோரியோ’ இன்னொரு பாதையில் போனது. செக் குடியரசின் பிராக் நகரில் செய்யப்பட்டு, 2020இல் முழுப் பதிப்பாக வந்த இந்த ஆட்டம், ஆலை கட்டுவதன் இன்பத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டியதில் நிகரில்லை. பலர் சேர்ந்தும் ஆடலாம். அதிலும் மாசு கட்டம் கட்டமாகப் படர்கிறது, மரங்களும் தரையும் கொஞ்சம் உறிஞ்சுகின்றன. மிச்சம் ஆட்டம் நடக்கும் கோளின் பூச்சிகளுடைய கூடுகளைச் சென்றடைகிறது. பூச்சிகள் மாசை உறிஞ்சிப் படையாகத் திரண்டு ஆலையைத் தாக்க வருகின்றன. ஆகவே இதில் பாதிக்கப்படுகிறவர் இருக்கிறார், குரலும் கொடுக்கிறார், ஆனால் அவர் பூச்சி. அவரோடு பேசுவதற்கு ஒன்றுமில்லை, சுவர் எழுப்பிச் சுட வேண்டியதுதான். மாசைக் குறைக்கும் கருவிகளும் உண்டு, அவற்றைப் பொருத்துவது பெரும்பாலும் தோட்டாச் செலவை மிச்சப்படுத்துவதற்காக. இதை ஆட்டத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. மாசு பற்றி வேறெந்த விளையாட்டும் தெரியாமல்கூடச் சொல்லிவிடாத ஓர் உண்மையை இது சொல்கிறது: ஆலை முதலாளியின் கண்ணில் எதிர்ப்பாளர் எப்படித் தெரிவார் என்பதை. கூட ஆடும் நண்பர்கள் எல்லாரும் சுவருக்கு இந்தப் பக்கம், ஒரே ஆலையின் பங்காளிகள்.

சியாட்டில் நகரின் ஸ்ட்ரேஞ்ச் லூப் கேம்ஸ் நிறுவனத்தில் ஜான் கிரஜெவ்ஸ்கி தலைமையில் உருவான ‘எக்கோ’ இந்த இடத்தில் வருகிறது. அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியுதவி கிடைத்தது, 2015இல் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள், 2018 பிப்ரவரியில் முன்பதிப்பாக விற்பனைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கென்று தொடங்கியது, பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் பரவியது. பார்வைக்கு மைன்கிராஃப்ட் போலக் கட்டம் கட்டமாய்ச் செதுக்கிய உலகம். வழக்கமான அளவில் சுமார் அரை சதுர கிலோமீட்டர்தான், நடந்தே சுற்றி வந்துவிடலாம், ஓரமும் கிடையாது: கிழக்கே போனவர் மேற்கிலிருந்து திரும்பி வருவார். சிம்சிட்டியின் பழைய தந்திரத்துக்கு இங்கே இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரர் வெறுங்கையோடு இறங்குகிறார், கல் கோடரியில் தொடங்குகிறார். மரம் வெட்டுகிறவர் சாப்பிட வேண்டும், சமைக்கிறவருக்கு விறகு வேண்டும், உலை வைத்திருப்பவருக்கு இருவரும் வேண்டும். எல்லாக் கைத்தொழிலையும் ஒருவரே கற்றுவிட முடியாதபடி திறன்கள் பிரிக்கப்பட்டிருப்பதால் கடையும் கடனும் நாணயமும் தாமாகவே முளைக்கின்றன. ஆட்டக்காரர் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனாலும் உலகம் ஓடிக்கொண்டிருக்கும். வேட்டையாடித் தீர்த்த மான் இனம் மீண்டு வராது.

இரும்பும் செம்பும் வேண்டுமென்றால் தாது தோண்ட வேண்டும், தாதோடு சக்கையும் வரும். தாதுக்கழிவு இந்த ஆட்டத்தின் மையமான பொருள் என்பேன். அதைத் தரையில் குவித்துவைத்தால் சுற்றியிருக்கும் மண் கெடும், செடி வாடும், அடுத்த நிலத்துக்காரரின் பயிர் சாகும். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தால் பாதிப்பு குறையும். ஆனால் குழி தோண்ட நேரம் வேண்டும், உழைப்பு வேண்டும், அந்த நேரத்தில் இன்னும் நாலு கட்டி இரும்பு வார்த்துவிடலாம். உலைப் புகையின் கார்பன் உலகம் முழுமைக்கும் பொதுவாகச் சேர்ந்து, ஓர் அளவைத் தாண்டினால் கடல் மட்டம் உயரும், கரையில் வீடு கட்டியவர் மூழ்குவார். உலைக்காரர் மேட்டில் இருக்கலாம். இந்த இடத்தில் எக்கோ மற்ற ஆட்டங்களிடமிருந்து விலகுகிறது. பயிர் வாடியவரிடம் அது துப்பாக்கி தருவதில்லை, சட்டம் எழுதும் பலகை தருகிறது. யாரும் ஒரு சட்டத்தை முன்மொழியலாம்: இந்த எல்லைக்குள் கழிவு கொட்டக்கூடாது, ஒரு நாளில் இத்தனை மரத்துக்கு மேல் வெட்டினால் இவ்வளவு வரி என்று. உலகின் மரத்தொகை, விலங்குத்தொகை, மாசு அளவு ஆகியவற்றின் புள்ளிவிவரம் எல்லாருக்கும் திறந்திருப்பதால், வரைபடத்தைக் காட்டி வாதாடலாம், வாக்குக் கேட்கலாம், தேர்தலில் தோற்கவும் தோற்கலாம். 2020இல் வந்த பெரிய மாற்றம் அரசமைப்பு, வட்டாரம், பதவிகள் என்று இதை இன்னும் விரித்தது. மாசின் கணக்கைவிட ஆட்சியின் கணக்குக்கே அந்த நிறுவனம் தொடர்ந்து உழைத்து வந்திருப்பது, என் வாதத்துக்கு அவர்களே தந்திருக்கும் சாட்சி.

அப்படியானால் உலையே வேண்டாம், கீரை பயிரிட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்போம் என்று ஊர் முடிவெடுத்தால் என்ன? அதைத் தடுக்கத்தான் வானத்தில் ஒரு விண்கல் தொங்குகிறது. வழக்கமான அமைப்பில் முப்பது நாளில் அது விழும், அதற்குள் அதைச் சிதறடிக்கும் அளவுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்திருக்க வேண்டும். இதைப் பலர் மலிவான உத்தி என்பார்கள்: மாசை நியாயப்படுத்த வெளியிலிருந்து ஒரு பூச்சாண்டி தேவைப்படுகிறதே, உண்மை உலகில் எந்த விண்கல் ஆலைகளைக் கட்டச் சொன்னது? நான் மாறாக நினைக்கிறேன். ஆலை தேவையில்லை என்று விலகிக்கொள்ளும் வழி அடைபட்டிருந்தால்தான் மாசு பற்றிய பேச்சு நேர்மையாக நடக்கும். உலை வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு எஞ்சும் கேள்விகள்தாம் கடினமானவை: எங்கே, யார் செலவில், கழிவு யார் நிலத்துக்குக் கீழே. வேலையும் சோறும் மருந்தும் உண்மை உலகில் அந்த விண்கல்லின் இடத்தில் இருக்கின்றன, அவற்றுக்கும் கெடு நாள் உண்டு. சர்வர் நடத்துகிறவர் விரும்பினால் விண்கல்லை எடுத்துவிட்டும் ஆடலாம். எடுத்துவிட்ட உலகில் மாசு பற்றிய சண்டை சுவை குன்றிப் போவதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் உலைக்காரரிடம் ‘ஊருக்காகத்தான்’ என்ற சொல் இருக்காது. அந்தச் சொல் இல்லாத முதலாளியை எதிர்ப்பது யாருக்கும் எளிது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு எக்கோவிடம் முழுப் பதில் இல்லை. அந்த உலகில் சட்டம் தானே தன்னைக் காத்துக்கொள்கிறது. மரம் வெட்டத் தடை என்று நிறைவேறினால், தடையை மீறிக் கோடரியை ஓங்கினாலும் மரம் வெட்டுப்படாது. அளவீடும் அப்படியே, மாசின் எண் பொய் சொல்வதில்லை, யாரும் அதைத் திருத்த முடியாது. உண்மை வரலாற்றில் இந்த இரண்டுமே கடைசியில்தான் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் பகுதிகளில் லெப்லாங்க் முறையில் உப்பிலிருந்து சோடா தயாரித்தார்கள். 8 டன் சோடாவுக்குச் சுமார் ஐந்தரை டன் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் 7 டன் திடக்கழிவும் வெளிவந்தன. வாயு பட்ட இடத்தில் வேலியும் மரமும் கருகின. ஆலைக்காரர்கள் புகைபோக்கியை உயர்த்தினார்கள், வாயு இன்னும் தொலைவு போய் விழுந்தது, நெருக்கமாகப் பல ஆலைகள் இருந்த ஊரில் கருகிய வயலுக்கு எந்த ஆலை பொறுப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவது பெரும்பாடானது. வாயுவை நீரில் கரைத்துப் பிடிக்கும் கோபுரத்தை வில்லியம் காசேஜ் 1836இலேயே கண்டுபிடித்திருந்தார். கருவி இருந்தும் கால்நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலான வாயு வானத்துக்கே போனது. நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் மரங்களுக்காகக் குரல் எழுப்பியதால்தான் 1863இல் ஆல்கலி சட்டம் வந்தது. வாயுவில் 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று அது எண் குறித்துச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளரை ஆய்வாளராக நியமித்து, ஆலைக்குள் நுழைந்து அளக்கும் அதிகாரத்தையும் தந்தது.

எக்கோவில் ஸ்மித்துக்கு வேலை இல்லை. அளக்கப் போகிறவரை வாசலில் நிறுத்திவைப்பது, அளக்கும் நாளில் மட்டும் உலையைத் தணித்து ஓட்டுவது, அளந்த எண்ணை மறுப்பது, இவை எதுவும் அங்கே நடக்காது. மாசைக் கட்டுப்படுத்தும் அரசியலில் பாதிக்கு மேல் இந்தச் சில்லறை வேலைகள்தான் என்பதால் இது சிறு விடுபாடு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆல்கலி சட்டத்தின் அடுத்த அத்தியாயத்தைப் பார்த்தால், அளவீடு சரியாக அமைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. வாயு நீரில் கரைந்து அமிலமானது, அமிலம் ஓடைகளில் விடப்பட்டது, காற்றுக்காக எழுதிய சட்டம் ஓடையைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பகுதியின் சாங்கி ஓடைக்கரையில் இருந்தவர்களுக்கு 1863 ஒரு வெற்றியாகத் தெரிந்திருக்காது. பின்னர் அமிலத்திலிருந்து குளோரினும், குளோரினிலிருந்து சலவைத்தூளும் செய்து காசாக்கும் முறைகள் வந்த பிறகுதான் அதை ஓடையில் விடுவது முதலாளிக்கே நஷ்டம் என்றானது. எக்கோ ஆடும் ஊர்களிலும் இந்த அத்தியாயத்துக்கு இடம் இருக்கிறது. கழிவைத் தரையில் குவிக்கத் தடை போட்டால் உலைக்காரர் அதை வண்டியில் ஏற்றிச் சட்டம் செல்லாத வட்டாரத்தில் கொண்டுபோய்க் கொட்டலாம். புதைக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் யாருடைய நிலத்துக்குக் கீழே என்ற சண்டை தொடங்கும். சட்டத்தை மீற முடியாத உலகிலும் சட்டத்தின் ஓட்டையைத் தேட முடியும். மீறலை நீக்கிவிட்டு ஓட்டையை மட்டும் விட்டுவைத்திருப்பதால், சட்டம் எழுதுவது எவ்வளவு கடினமான கைத்தொழில் என்பது இங்கே கலப்படமில்லாமல் தெரிகிறது. ஆய்வாளரைப் பற்றிய ஆட்டத்தை வேறு யாராவது செய்ய வேண்டும்.

பிடிக்காதவர் சர்வரை விட்டுப் போய்விடலாமே, பிறகு என்ன பாதிப்பு என்றும் கேட்கப்படுகிறது. போகலாம்தான். ஆனால் நாற்பது மணிநேரம் உழைத்துக் கட்டிய வீட்டை விட்டுப் போகிறவரின் கோபம், விட்னஸிலிருந்து போன குடியானவரின் கோபத்துக்கு ஈடாகாவிட்டாலும், நிலமதிப்புக் குறைந்ததும் சத்தமில்லாமல் மறைந்துபோன சிம்சிட்டிக் குடிமகனின் மௌனத்தைவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கம். அதற்கு மேல் அந்த மறுப்பில் சாரம் இல்லை.

காலக்கெடுதான் என்னை உறுத்துகிறது. முப்பது நாளில் விண்கல் சிதறிவிட்டால் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் கலைகிறார்கள், சர்வர்காரர் உலகத்தை அழித்துப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார். ஆழக் குழியில் புதைத்த தாதுக்கழிவும் அந்தக் கோப்போடு அழிகிறது. அதன் மேல் நாளை வீடு கட்டப் போகிறவர் என்று யாரும் அந்த ஆட்டத்தில் இல்லை, சிம்சிட்டியின் ஓரத்துக்கு அப்பால் யாரும் இல்லாதது போலவே. விட்னஸில் சோடா ஆலைகளின் திடக்கழிவு கந்தகம் கலந்த சேறாக மலை மலையாகக் குவிந்தது, உள்ளூர்க்காரர்கள் அதைக் கேலிகு என்று அழைத்தார்கள். மழை பட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். லெப்லாங்க் முறை 1920களிலேயே மறைந்துவிட்டது, அந்த ஆலைகளின் முதலாளிகளும் அவர்கள்மீது வழக்குப் போட்டவர்களும் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். மெர்சி ஆற்றங்கரையில் ஸ்பைக் தீவு என்று பெயர்பெற்ற பகுதியை 1970களில்தான் சீர்செய்யத் தொடங்கி, மண் மூடிப் புல் வளர்த்துப் பூங்காவாக்கினார்கள். இன்று அங்கே நாயை நடத்திக்கொண்டு போகிறவர்களின் காலுக்குக் கீழே கேலிகு இருக்கிறது.